வேலையும் கூலியும்: சில கேள்விகள்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றித்தான். அதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முழு வேலைவாய்ப்பு என்றால் ஒருவர்கூட வேலையில்லாமல் இருக்கக் கூடாதா?

அப்படி ஒரு நாள் வராது. ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 1944-இல் பிரிட்டனில் பொருளாதார அறிஞர் வில்லியம் பெவரிட்ஜ் வைத்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும்: வேலை தேடுகிறவர்களைவிடக் காலியிடங்கள் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதும் 3 சதவீதம் பேர் வேலையின்றி இருப்பார்கள் என்றே அவர் கணக்குப் போட்டார்.

குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றினால் ஆட்குறைப்பு வராதா?

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1992-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கமும் 400-க்கு மேற்பட்ட துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். நியூஜெர்சியில் வேலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு.

ஏன் குறையவில்லை? ஒரு முதலாளியிடம் பத்துப் பேர், தலைக்கு நாள்கூலி 100. பதினோராவது ஆள் 110 கேட்கிறார். கொடுத்தால் பழைய பத்துப் பேருக்கும் ஏற்ற வேண்டும். ஆக அந்த ஒரு ஆளுக்கு ஆகும் செலவு 110 அல்ல, 210. முதலாளி வேண்டாம் என்று விட்டுவிடுவார். சட்டமே எல்லோருக்கும் 110 என்றால்? பத்துப் பேருக்கும் எப்படியும் கொடுத்தாக வேண்டும். புதியவருக்கு ஆவது வெறும் 110. ஆள் எடுக்கத் தயக்கம் போய்விடும். இதே சட்டம் 300 என்று வைத்தால் கடையையே மூடிவிடுவார், அது வேறு கதை.

வேலையின்மை குறைந்தால் விலைவாசி ஏறுமாமே?

ஏறலாம்: ஆள் கிடைக்காமல் கூலி ஏறினால் அது விலையிலும் சேரும். ஆனால் ஏறியே தீரும் என்றில்லை. 2019 கடைசியில் அமெரிக்காவில் வேலையின்மை 3.5 சதவீதம்; பணவீக்கமோ 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. கூலி கொஞ்சம் ஏறியதுமே வட்டியை ஏற்றும் மத்திய வங்கிகளோடு எனக்கு உடன்பாடில்லை. வட்டி ஏறினால் தொழில் சுருங்கும்; அந்த அடி முதலில் விழுவது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் மேல்.

சம்பள உயர்வு கேட்டால் மேலாளர் மேசையில் இருக்கும் விண்ணப்பக் கட்டைக் காட்டுகிறார். இதில் அரசு என்ன செய்ய முடியும்?

அந்தக் கட்டின் தடிமனைக் குறைப்பதுதான் அரசின் வேலை. மந்தக் காலத்தில் அரசு செலவைச் சுருக்கினால் கட்டு தடிக்கும். 2009-இல் ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிறுவனங்கள் ஆட்களை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தன; இழந்த கூலியில் ஒரு பங்கை அரசு ஈடுகட்டியது. வேலையின்மை பெரிதாக ஏறவில்லை.

தொழிற்சங்கம் இருந்தால் போதாதா, குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எதற்கு?

சங்கம் பலமாக இருந்தால் போதும். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே கிடையாது. சங்கங்களும் முதலாளிகளும் துறைவாரியாக உட்கார்ந்து கூலியைப் பேசி முடிக்கிறார்கள். பத்தில் ஒருவர்தான் சங்கத்தில் என்றால் பேச யார் போவது?