ட்ரெயினிங் போகும் பொறியியல் பிள்ளைகளுக்கு: சீனக்குடாவிலிருந்து சில பதில்கள்

திருகோணமலையில் பொறியியல் பீடம் இல்லை. நம் பிள்ளைகள் கிளிநொச்சிக்கும் ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் மொரட்டுவைக்கும் போய்ப் படிக்கிறார்கள். ட்ரெயினிங் காலம் வந்ததும் பலர் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் இயந்திரப் பொறியியலாளன். பதினேழு வருடமாக இந்தப் பக்கத் தொழிற்சாலை வேலை, அதில் பத்து வருடத்துக்கு மேல் பயிற்சி மாணவர்கள் என் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். இந்த மாதம் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் உவர்மலை. கிளிநொச்சியில் இயந்திரவியல் மூன்றாம் வருடம். ட்ரெயினிங்கை ஊரிலேயே செய்தால் மதிப்புக் குறையுமா? பெடியன்கள் எல்லாரும் கொழும்புக்குத்தான் போடுகிறார்கள்.

குறையாது தம்பி. இயந்திரவியலுக்குச் சீனக்குடா போல ஒரு இடம் கிடைப்பது கஷ்டம். பிறீமா மாவு ஆலையை எடுங்கள். கப்பலில் வரும் கோதுமையை உறிஞ்சி இறக்குவதிலிருந்து ரோலர் மில், சல்லடை, காற்றுக் குழாய் வழியே மாவு ஓடுவது வரை எல்லாம் ஒரே வளவுக்குள். மாவுத் தூசு காற்றில் கலந்தால் வெடிமருந்துக்குச் சமம் என்பதை விரிவுரையில் ஒரு வரியில் கேட்டிருப்பீர்கள். அதற்காக எத்தனை வடிகட்டி, எத்தனை நிலத்தொடுப்பு, எத்தனை கட்டுப்பாடு என்று நேரில் பார்க்கும்போதுதான் அது மனதில் நிற்கும்.

டோக்கியோ சீமெந்து ஆலை கிளிங்கரை (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த கட்டிகளை)க் கப்பலில் இறக்கி, ஜிப்சம் சேர்த்து அரைக்கிற இடம். கல்லை அரைத்துப் பொடியாக்குவதில் என்ன படிப்பு என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டதுண்டு. அரைக்கும்போது மில்லுக்குள் சூடு மிஞ்சினால் ஜிப்சத்தில் உள்ள நீர் வெளியேறிவிடும். அந்தச் சீமெந்தைக் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகினமாதிரிக் காட்டும், திரும்பக் கிளறினால் இளகும். வெப்பக் கடத்தல், பதார்த்த விஞ்ஞானம், கட்டுப்பாட்டியல் மூன்றும் அந்த ஒரு மில்லுக்குள் இருக்கின்றன.

அப்புறம் எண்ணெய்த் தாங்கிகள். வெள்ளைக்காரன் கட்டிய 99 தாங்கிகள் இப்போதும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோதும் அங்கே இருந்தவை அவை. 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் அவற்றைத் திருத்தி எடுக்க உடன்படிக்கை செய்தன. பழைய உருக்குத் தகட்டின் தடிப்பை அல்ட்ராசோனிக் கருவியால் அளப்பது, துருவை மதிப்பிடுவது, வெல்டிங்கைச் சோதிப்பது போன்ற வேலைகள் நடக்கும் இடத்தில் நிற்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் கணினி, இலத்திரனியல், கட்டட வடிவமைப்பு என்றால் கொழும்புக்குப் போங்கள். அந்த வேலைகள் அங்கேதான் அதிகம். வீட்டுச் சாப்பாட்டுக்காக ஊரில் நின்று ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

கம்பனிகளுக்குக் கடிதம் போட்டேன், பதிலே இல்லை. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கேட்கலாமா?

முதலில் உங்கள் பீடத்தின் பயிற்சிப் பிரிவைக் கேளுங்கள். பீடமும் நைட்டாவும் (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) வழியே போனால்தான் பயிற்சி பதிவாகும். தெரிந்தவர் மூலம் நுழைந்துவிட்டுப் பிறகு பதிவுக்கு அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தத் துறை, என்ன பார்க்க ஆசை என்பதை மூன்று வரியில் எழுதுங்கள். "ஏதாவது இடம் தந்தால் போதும்" என்று எழுதும் கடிதத்தை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்று எங்களுக்கே தெரியாது, அது மேசையிலேயே கிடக்கும்.

என் மகன் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி செய்கிறான். ஒரு கிழமையாகப் பம்ப் கழற்றிக் கழுவுகிறானாம். கையெல்லாம் கிறீஸ். பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு இதுதானா வேலை என்று மனம் கேட்கவில்லை. (கிண்ணியாவிலிருந்து ஒரு தகப்பன்)

ஐயா, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. எனக்கும் அந்த வயதில் இதே வருத்தம் இருந்தது. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் முதல் மூன்று கிழமை போட்டோக்கொப்பி எடுத்தேன், கோப்பு அடுக்கினேன். அதுதான் உண்மையில் வீணான காலம். நாலாம் கிழமை ஒரு வயதான ஃபிட்டர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பம்ப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த இம்பெல்லரைக் கையில் தந்து, "விரலால் தடவிப் பாரும்" என்றார். இறக்கைகளின் ஓரமெல்லாம் கறையான் அரித்ததுபோலச் சின்னச் சின்னக் குழிகள். ஓடும்போது சரளைக்கல்லை விழுங்குகிற சத்தம் கேட்டதே, அது இதுதான் என்றார். உறிஞ்சும் பக்கத்து வலை அடைபட்டதால் அங்கே அமுக்கம் குறைந்து, தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே ஆவிக் குமிழியாகி, அந்தக் குமிழிகள் இரும்பின்மேல் நொறுங்கி நொறுங்கிக் குழி பறித்திருக்கின்றன. கேவிட்டேஷன் என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தவன்தான் நான். அன்றைக்குத்தான் அதை விரலால் தொட்டேன்.

மகன் கழுவுகிற பம்ப் ஏன் பழுதானது என்று இரவில் கேளுங்கள். பதில் சொன்னால் அவன் படித்துக்கொண்டிருக்கிறான், கவலை வேண்டாம். சொல்லத் தெரியாவிட்டால் நாளைக்குக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

டெய்லி டயரியில் என்ன எழுதுவது அண்ணா? தினமும் ஒரே வேலை. நைட்டாவிலிருந்து பார்க்க வருவார்கள், பிறகு வைவாவிலும் (வாய்மொழிப் பரீட்சை) கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எனக்குக் கையெழுத்துக்கு வரும் டயரிகளில் பாதி இப்படி இருக்கும்: "இன்று பம்ப் பராமரிப்பைப் பார்வையிட்டேன். பல விடயங்களைக் கற்றுக்கொண்டேன்." இதில் கையெழுத்து வைக்க எனக்கு மனம் வராது. என்ன பம்ப், என்ன விடயம்?

போன வருடம் ஒரு பிள்ளை எழுதியதை அவரிடம் கேட்டுத் தருகிறேன். டயரி ஆங்கிலத்தில்தான் இருந்தது, தமிழில் சொல்கிறேன்:

"குளிர்நீர்ப் பம்ப், இரண்டாம் இலக்கம். காலை 9.10. கப்ளிங் (மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் பகுதி) பக்கப் பேரிங் சூடு 78 பாகை, மறுபக்கம் 54. நிறுத்தி, பூட்டுப் போட்டு, இரண்டு தண்டும் நேராக இருக்கிறதா என்று பார்க்க டயல் கேஜ் வைத்தோம். மேலிருந்து கீழ் ரீடிங் 0.36. அதாவது உண்மையான விலகல் அதில் பாதி, 0.18 மில்லிமீட்டர். மோட்டார் தாழ்ந்து நிற்கிறது. நான்கு காலுக்கும் 0.2 ஷிம் (மெல்லிய தகடு) போட்டோம். பிற்பகல் 3 மணிக்கு இரண்டு பேரிங்கும் 56, 55. கேள்வி: மோட்டார் ஓடிச் சூடாகும்போது உயருமே, அதை நாங்கள் கணக்கில் எடுத்தோமா?"

படம் ஒன்றும் பென்சிலால் கீறியிருந்தார். அந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்துவிட்டு நான் ஃபோர்மனைக் கூப்பிட்டேன். நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. சூடாகிற மோட்டாரைக் குளிர் நிலையில் சற்றுத் தாழ்த்தியே விட வேண்டும், எவ்வளவு என்பது மோட்டாரின் உயரத்தையும் சூட்டையும் பொறுத்தது. அடுத்த நாள் ஓடும் சூட்டை அளந்து, கணக்குப் பார்த்து, ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்துவிட்டோம். மூன்றாம் வருடப் பிள்ளை கேட்ட கேள்வியால் எங்கள் வேலை திருந்தியது. எனக்கு இப்போதும் அது பெருமை.

ஆக, இயந்திரத்தின் பெயர், நேரம், அளந்த எண், செய்த வேலை, செய்த பிறகு அளந்த எண், கடைசியில் ஒரு கேள்வி. ஒரே வேலை தினமும் என்றால் நல்லதுதான், நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைக்கலாம். அன்றன்றைக்கு எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளை எழுதினால் பார்க்க வருபவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், மை கூட ஒரே நிறமாக இருக்கும்.

மூதூர், சிவில். வேலைத்தளத்தில் வெயிலில் நிற்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. என்ன செய்யலாம்?

கொங்கிறீட் வரும் நாளில், கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் கூம்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். 150 மில்லிமீட்டர் கனவடிவங்களை நீங்களே நிரப்பி, குறியிட்டு, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைக்கும்போது கூடப் போங்கள். கம்பி கட்டி முடிந்ததும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள், கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் கவர் கட்டை வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். மேசன் பாஸ்மாரோடு தேநீர் குடியுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது நிறைய.

இன்னொன்று, மாதம் பார்த்து வாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழை பிடித்தால் மண்வேலை நின்றுவிடும். நிற்கிற நாளில் போர்டிங்கில் படுக்காமல், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வடிகால் திணறுகிறது என்று பாருங்கள். ஒரு விடுமுறையில் கந்தளாய்க் குளக்கட்டுக்கும் போய் வாருங்கள். 1986 ஏப்ரலில் அந்தக் கட்டு உடைந்து எத்தனையோ உயிர்கள் போயின. கட்டின்மேல் நின்று கீழே உள்ள வயலையும் வீடுகளையும் பார்த்துவிட்டு, பிறகு கசிவு பற்றிய பாடத்தைத் திறங்கள்.

பொம்பிளைப் பிள்ளைகள் தொழிற்சாலை எடுப்பது சரிவருமா? வீட்டில் அலுவலகப் பக்கம் கேள் என்கிறார்கள்.

சரிவரும் தங்கச்சி. மேலே சொன்ன டயரி ஒரு பெண்பிள்ளையுடையதுதான். ஆனால் போகுமுன் மூன்று விடயத்தைத் தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள்: வேலை நடக்கும் இடத்துக்குக் கிட்டப் பெண்களுக்கான கழிவறை இருக்கிறதா, இரவு ஷிஃப்ட் உண்டா, இருந்தால் வாகனம் தருவார்களா. கேட்பதில் வெட்கம் இல்லை. பதில் சொல்லத் தடுமாறும் இடத்தை விட்டுவிடுங்கள். போன பிறகு யாராவது "வெயிலுக்குள் ஏன், உள்ளே இருந்து எக்செல் அடியுங்கள்" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பை மட்டும் ஏற்காதீர்கள். யாராவது மரியாதை தவறி நடந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்கும் பீடத்துக்கும் சொல்லுங்கள், பயிற்சி முடியட்டும் என்று பொறுக்க வேண்டாம்.

மின்பொறியியல், உப மின்நிலையம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

லைன் செத்துவிட்டது (மின்சாரம் இல்லை) என்று யாராவது வாயால் சொன்னால் நம்பக்கூடாது. துண்டித்து, பூட்டி, சோதித்து, நிலத்தொடுப்புப் போட்டு, வேலை அனுமதிப் பத்திரம் கையெழுத்தான பிறகுதான் கிட்டப் போகலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் தள்ளி நில்லுங்கள், பயந்தாங்கொள்ளி என்று சொன்னாலும் பரவாயில்லை. முதல் கிழமை ட்ரான்ஸ்ஃபோமரைச் சுற்றி நடந்து பழகுங்கள். அது காற்றை உள்ளிழுக்கும் மூச்சுக் குழாயில் உள்ள சிலிக்கா மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது. கடற்காற்று அடிக்கும் நம்மூரில் அதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

எனக்குச் சிங்களம் வராது. கொழும்பில் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். வேலைத்தளத்தில் கருவிகளின் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான். எண்கள், "நிறுத்து", "கவனம்", "மேலே", "கீழே" இவற்றைப் போகுமுன் பாடமாக்குங்கள், அது பாதுகாப்புக்கு வேண்டும். மிச்சம் மதியச் சாப்பாட்டு மேசையில் தானாக வரும்.

கொடுப்பனவு தருவார்களா?

இடத்துக்கு இடம் வேறுபடும். போர்டிங் காசை அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இந்தப் பயிற்சி பிறகு சாட்டர்ட் (பட்டயப்) பொறியியலாளர் ஆவதற்கு உதவுமா?

நேரடியாக இல்லை, அதற்குப் பட்டத்துக்குப் பிறகான அனுபவம் வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற பட்டத்தின் ஒரு பகுதி இது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல், நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றது ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. ஆகையால் அங்கீகாரம் உள்ள நம் பட்டங்களுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் பொறியியலாளராக வேலை செய்யப் பொறியியல் பேரவையில் பதிவும் வேண்டும். இப்போது எழுதுகிற டயரியைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தகைமைக்கான அறிக்கை எழுதும்போது எப்படி எழுதுவது என்ற பழக்கம் கையில் இருக்கும்.

திங்கள் முதல் நாள். என்ன கொண்டுபோக வேண்டும்?

பாதுகாப்புச் சப்பாத்து, உங்கள் கால் அளவுக்கு. தொப்பி அங்கே தருவார்கள், சப்பாத்து பல இடத்தில் தரமாட்டார்கள். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கொப்பி ஒன்று. பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள், வியர்வை பட்டாலும் எழுத்து கரையாது. தண்ணீர்ப் போத்தல். பீடத்தின் கடிதம் இரண்டு பிரதி. கேட்டில் பாதுகாப்பு அலுவலர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார், மற்றது உள்ளே தேவைப்படும்.