பூர்வகுடிகளே நடத்தும் சுற்றுலா: ஆஸ்திரேலியா போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கெய்ன்ஸ் பக்கம் சுற்றுலாத் துறையில் வேலை பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் தங்கள் சொந்த நிலத்தில், தங்கள் பொறுப்பில் நடத்தும் பயணங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே தருகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மனதில் பட்டதைக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் வண்ணம் பூசி ஆடச்சொல்லி, நாம் காசு கொடுத்துப் பார்ப்பது அந்த மக்களைக் காட்சிப்பொருள் ஆக்குவதுதானே?

நியாயமான கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. அந்தத் தொழில் யார் கையில் இருக்கிறது, எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்று தீர்மானிப்பவர் யார் என்று பாருங்கள். வெளியூர் முதலாளி ஒருவர் பேருந்து வைத்து, ஆட்களைக் கூலிக்குப் பிடித்து ஆட வைத்தால் உங்கள் உறுத்தலில் அர்த்தம் இருக்கிறது. அந்த மண்ணின் குடும்பங்களே நடத்தினால் கதை வேறு.

நிட்மிலுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆட்சிப்பகுதியில் கேத்ரின் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஜாவோயின் மக்கள் நிலம் எங்களுடையது என்று உரிமை கோரியபோது ஊரில் பலர் எதிர்த்தார்கள். கொடுத்துவிட்டால் நம்மை உள்ளே விடமாட்டார்கள் என்று பயந்தார்கள். 1989-ல் நிலம் ஜாவோயின் மக்களிடம் திரும்பி வந்தது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாகவே தொடரவிட்டு அரசுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே ஓடும் படகுகள், தங்குமிடங்கள், ஹெலிகாப்டர் சவாரி எல்லாவற்றையும் நடத்தும் நிறுவனம் ஜாவோயின் மக்களுக்கே முழுமையாகச் சொந்தம். பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் படகில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உரிமை கையில் இருக்கும்போது "இது உங்களுக்கு இல்லை" என்று சொல்லவும் முடிகிறது. ஒரு வழிகாட்டி பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டு, "மீதி பெண்களுக்கு மட்டும் உரியது, நான் சொல்லக்கூடாது" என்பார். அந்த மறுப்பைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பயணத்தின் மீது மரியாதை கூடிவிடும்.

கேள்வி: உளுருவுக்கு டிசம்பரில் குடும்பத்தோடு போகிறோம். மேலே ஏற விடமாட்டார்கள் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போய் ஏறாமல் வருவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலில் ஒன்று: டிசம்பர் கொளுத்தும் மாதம். நடப்பதையெல்லாம் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் சில பாதைகளை மூடிவிடுவார்கள்.

உளுரு என்பது நாட்டின் நடுப் பாலைநிலத்தில் நிற்கும் பெரிய பாறை. அந்தப் பாறை அனாங்கு என்ற பூர்வகுடி மக்களுடையது. 1985 அக்டோபர் 26 அன்று பட்டா அவர்கள் கைக்கு வந்தது. அன்றே 99 வருடக் குத்தகைக்குத் தேசியப் பூங்காத் துறைக்குக் கொடுத்தார்கள். பூங்காவை நிர்வகிக்கும் குழுவில் அனாங்கு மக்களே பெரும்பான்மை. ஏறாதீர்கள் என்று பல ஆண்டுகள் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள், தடுக்கவில்லை. அவர்களுடைய மூதாதையர் போன புனித வழி அது என்பது ஒரு காரணம். இன்னொன்று, வந்த விருந்தாளி தங்கள் மண்ணில் விழுந்து செத்தால் அந்தப் பாரம் தங்களுக்குத்தான் என்று அவர்கள் நினைப்பது. 35-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள். வருகிறவர்களில் ஏறுகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தபின், 2017-ல் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26-ல், நிலம் திரும்பி வந்த அதே தேதியில், பாதை நிரந்தரமாக மூடப்பட்டது.

பாறையைச் சுற்றிவர 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. குழந்தைகளோடு முழுதும் வேண்டாம். ரேஞ்சர்கள் இலவசமாகக் கூட்டிப்போகும் மாலா நடையும், முடிஜுலு நீர்நிலை வரை போகும் சின்ன நடையும் போதும். குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணுக்கும் லிரு என்ற விஷப்பாம்புக்கும் நடந்த சண்டையைப் பாறையில் உள்ள வடுக்களைக் காட்டியே சொல்வார்கள். சில இடங்களில் படம் எடுக்காதீர்கள் என்று பலகை இருக்கும். தூரத்திலிருந்து ஜூம் செய்தும் எடுக்கவேண்டாம். பிறகு மாருகு கலைக்கூடத்தின் புள்ளி ஓவியப் பயிற்சி. 1984 முதல் அனாங்கு மக்களுக்கே சொந்தமான அமைப்பு அது. மண்ணில் குறி வரைந்து கதை சொல்லிவிட்டு, உங்கள் கையில் தூரிகையைக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: நாம் கட்டும் பணத்தில் எவ்வளவு அவர்களுக்குப் போகிறது?

இடத்துக்கு இடம் வேறு. உளுருவில் குத்தகைப் பணம் தவிர, பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 25 சதவீதம் அனாங்கு மக்களுக்கு. நிட்மிலுக் மாதிரி நிறுவனமே சொந்தமாக இருந்தால் லாபம் முழுக்க அவர்கள் அமைப்புக்கு. ஒரு குடும்பம் நடத்தும் சிறு தொழில் என்றால் நீங்கள் கட்டுவது நேராக அவர்கள் கணக்குக்கே போகும். ஆனால் இடைத்தரகு வலைத்தளங்கள் வழியாகப் பதிவு செய்தால் கமிஷன் வெட்டிக்கொள்வார்கள். முடிந்தவரை அவர்களுடைய சொந்தத் தளத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நிலம் கையில் இருக்கிறது, பயணிகளும் வருகிறார்கள். அப்படியென்றால் இந்தத் தொழில்கள் ஏன் இன்னும் பெரிதாக வளரவில்லை?

இதைக் கேட்டதற்கு நன்றி. யாரும் கேட்காத கேள்வி.

1976-ல் வந்த நில உரிமைச் சட்டத்தால் வட ஆட்சிப்பகுதியில் ஏறக்குறையப் பாதி நிலம் பூர்வகுடி மக்களுக்கு வந்தது. அந்த நிலம் கூட்டாக அவர்களுக்குச் சொந்தம், யாருக்கும் விற்க முடியாது. மறுபடி பறிபோகாமல் இருக்க அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் விற்க முடியாத நிலத்தை அடமானமாக வாங்க வங்கிகள் முன்வருவதில்லை. நம் ஊரில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிக் கடை போடுகிற வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. அதனால் பூர்வகுடிகளுக்கென்று உள்ள அரசின் தொழில் கடன் அமைப்பையும் நிலக் கழகத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது. அதோடு தூரம். மழைக்காலத்தில் வடக்கே மாதக்கணக்கில் சாலைகள் முழுகிக் கிடக்கும். வருமானம் ஆறேழு மாதத்துக்குத்தான், காப்பீடோ வருடம் முழுக்கக் கட்டவேண்டும்.

பெரிதாக வளர்ந்ததும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஜபுகாய் பண்பாட்டுப் பூங்கா இருந்தது. 1987-ல் குராண்டாவில் சின்ன நாடக அரங்காகத் தொடங்கி, பிறகு கெய்ன்ஸுக்கு அருகே பெரிதாக இடம் மாறியது. முப்பது வருடங்களுக்கு மேல் நடந்தது. கோவிட் வந்து வெளிநாட்டுப் பயணிகள் நின்றதும் 2021 ஜனவரியில் மூடிவிட்டார்கள். எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் வேலை கொடுத்த இடம். பெரிய கட்டடமும் நூற்றுக்கணக்கான வெளிநாட்டு டிக்கெட்டும் தேவைப்படும் தொழிலைவிட, ஒரு வேனும் ஒரு குடும்பமும் போதுமான தொழில் அடியைத் தாங்கும் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாதவர்களும் இந்தத் துறையில் உண்டு.

கேள்வி: டெயின்ட்ரீ காட்டுக்கு ஒருநாள்தான் நேரம். எங்கே போகலாம் அக்கா?

மோஸ்மன் கோர்ஜ். கெய்ன்ஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். குக்கு யலாஞ்சி மக்களின் மண். முன்பெல்லாம் பயணிகளின் கார்கள் அவர்களுடைய குடியிருப்பின் நடுவே சீறிக்கொண்டு போகும், வாசலில் பிள்ளைகள் விளையாட முடியாது. 2012-ல் ஊருக்கு வெளியே வரவேற்பு மையம் கட்டினார்கள். காரை அங்கே விட்டுவிட்டுச் சிற்றுந்தில் போகவேண்டும். வழிகாட்டியோடு நடக்கும் நடையை எடுங்கள். முதலில் இலைப்புகை போட்டு வரவேற்பார்கள். பிறகு எந்த இலையைத் தேய்த்தால் சோப்பு மாதிரி நுரை வரும், எந்த மரத்தைத் தொட்டால் மாதக்கணக்கில் எரியும் என்று காட்டிக்கொண்டே போவார்கள். முடிவில் டீயும், டாம்பர் என்ற ரொட்டியும். 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவே கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களிடம் திரும்பி வந்தது, இப்போது மாநில அரசோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள்.

கேள்வி: டார்வினில் படிக்கிறேன், யாழ்ப்பாணத்துப் பெடியன். நண்பர்களோட கார் எடுத்து ஆர்னம் லாண்ட் போகலாமோ அக்கா?

போகலாம் தம்பி, ஆனால் நினைத்தவுடன் போக முடியாது. அது முழுக்கப் பூர்வகுடி நிலம். பூர்வகுடி நில உரிமையாளர்கள் சார்பில் செயல்படும் வடக்கு நில மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். சும்மா ஒரு தாள்தானே என்று நினைக்காதே. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கேட்பதுதான் அது.

முதல் தடவை என்றால் ஆர்னம் லாண்டின் மேற்கு ஓரத்தில் உள்ள குன்பலான்யா ஊருக்குப் போ. ககாடு தேசியப் பூங்காவைக் கடந்து, ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைக் கேஹில்ஸ் கிராசிங்கில் தாண்டவேண்டும். கடல் ஏற்றத்துக்கு அங்கே தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் ஏறும், உவர்நீர் முதலைகள் மீனுக்காகக் காத்துக் கிடக்கும். ஏற்ற இறக்க நேரம் பார்த்துத்தான் கடக்கவேண்டும். நடந்து கடக்கவே கூடாது. குன்பலான்யாவில் 1989 முதல் இயங்கும் இன்ஜலாக் கலைமையம் இருக்கிறது, கலைஞர்களுக்கே சொந்தம். அவர்கள் வழிகாட்டியோடு இன்ஜலாக் குன்றில் ஏறினால் பாறை ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கும். கீழே வந்தால் அதே மரபில் வரைகிறவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். அந்தத் தொடர்ச்சியைக் கண்ணால் பார்ப்பதற்காகவே போகவேண்டும். மே முதல் அக்டோபருக்குள் போ. பியர் எடுத்துப்போகும் யோசனை இருந்தால் விட்டுவிடு. பல சமூகங்களில் மதுவுக்குத் தடை, சட்டப்படி அபராதம்.

கேள்வி: பதிவு செய்திருந்த சுற்றுலாவை முதல்நாள் ரத்து செய்துவிட்டார்கள். ஊரில் துக்கமாம். பணம் திரும்ப வந்தது, ஆனாலும் தொழில் செய்கிறவர்கள் இப்படிச் செய்யலாமா?

செய்யலாம் என்றுதான் சொல்வேன். அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் துக்கக் கடமைகள் இருக்கும். சாலையையே மூடிவிடுவார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது, படத்தைக் காட்டக்கூடாது என்பது பல சமூகங்களில் வழக்கம். நம் வீட்டில் சாவு விழுந்தால் கடையை அடைக்க மாட்டோமா? வெளியூர் நிறுவனமாக இருந்தால் மாற்று ஆளை அனுப்பியிருக்கும். இங்கே வழிகாட்டியே அந்தச் சாவுக்கு உறவாக இருப்பார். உங்கள் ஏமாற்றம் புரிகிறது, இன்னொரு தேதி கேளுங்கள். அந்தப் பக்கம் போகும்போது ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

கேள்வி: தமிழரும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் ஒரே இரத்தம், பூமராங்கும் வளரியும் ஒன்று என்று படித்தேன். வழிகாட்டியிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்களா?

சொல்லவேண்டாம் என்பேன். சுமார் 4,000 வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து மரபணுக் கலப்பு நடந்திருக்கலாம் என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. 2016-ல் ஆண்வழி மரபணுவைப் பார்த்த ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மொழி உறவும் நிறுவப்படவில்லை. எறிந்து வேட்டையாடும் வளைந்த கம்பு உலகில் பல இடங்களில் உண்டு. அவர்கள் அந்த மண்ணில் 50,000 வருடங்களுக்குக் குறையாமல் இருக்கிறவர்கள். அவர்களிடம் போய் "நீங்கள் எங்களிடமிருந்து வந்தவர்கள்" என்பது எப்படிப்பட்ட பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். வளரியைப் பற்றிச் சொல்லுங்கள், எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு என்று. ஆர்வமாகக் கேட்பார்கள்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுபோகப் பூமராங், ஓவியம் வாங்கவேண்டும். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகரத்து நினைவுப்பொருள் கடைகளில் பூர்வகுடிப் பாணி என்று விற்பதில் பெரும்பகுதி அவர்கள் கை படாதது. இந்தோனேசியாவில் செய்த பொருட்களை ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் செய்ததுபோல் விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: செய்தவர் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர், அவருக்குப் பணம் எப்படிப் போகிறது? திக்கினால் வெளியே வந்துவிடுங்கள். கலைமையங்களில் வாங்கினால் கலைஞர் பெயர், ஊர், ஓவியத்தின் கதை எல்லாம் போட்ட சான்றிதழ் தருவார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். காட்டு உணவு என்றால் என்ன போடுவார்களோ என்று பயம்.

பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், பார்த்துக்கொள்வார்கள். டாஸ்மேனியாவில் பலாவா மக்கள் நடத்தும் வுகலினா நடை நான்கு நாள், மூன்று இரவு; அங்கே மட்டன்பேர்ட் என்ற கடற்பறவை அவர்கள் மரபுச் சாப்பாட்டில் முக்கியமானது, தட்டில் வரும். வேண்டாம் என்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். குவாண்டாங் பழம், வாட்டில் விதை, விரல் எலுமிச்சை என்று சைவத்திலேயே ருசிக்க ஏராளம் இருக்கிறது.

கேள்வி: தங்கச்சி, மகன் வீட்டுக்கு மெல்போர்ன் வந்திருக்கிறேன். வயது 68. முழங்கால் வலி. விமானத்தில் எங்கும் போக முடியாது. எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு அம்மா. நகரத்துக்குள்ளேயே ஃபெடரேஷன் சதுக்கத்தில் கூரி மரபு அறக்கட்டளை இருக்கிறது. கலைக்கூடம் பார்க்கலாம், ஆற்றங்கரையில் கூட்டிப்போகும் நடையும் நடத்துகிறார்கள், உங்கள் முழங்காலுக்கு எவ்வளவு தூரம் சரிப்படும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மகன் காரில் கூட்டிப்போவார் என்றால் மேற்கே ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் புட்ஜ் பிம். குண்டிச்மாரா மக்கள் எரிமலைப் பாறையை வெட்டி வாய்க்கால், மடை, தேக்கம் கட்டி விலாங்கு மீன் வளர்த்த இடம். குறைந்தது 6,600 வருடப் பழமை. வெள்ளையர் வந்தபின் ஏரியையே வடித்துவிட்டார்கள். குண்டிச்மாரா மக்கள் விடாமல் போராடி 2007-ல் நில உரிமை பெற்று, 2010-ல் தடுப்பணை கட்டி ஏரிக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019-ல் உலக மரபுச் சின்னம் ஆனது. ஏரிக்கரையில் 2022-ல் திறந்த மையத்தில் உணவகம் உண்டு, உட்கார்ந்தபடியே ஏரியைப் பார்க்கலாம். சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் குண்டிச்மாரா மக்களேதான். ஒரே நாளில் போய்வந்தால் உங்களுக்கு அலுப்பாகிவிடும், போர்ட்லண்டிலோ வார்னம்பூலிலோ ஓர் இரவு தங்குங்கள். எல்லா நாளும் சுற்றுலா இருக்காது, மகனை முதலில் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.