வெர்மான்ட் சிவில் யூனியன் டெக்சாஸில் திருமணமாகக் கணக்காகுமா?

2004-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சிவில் யூனியன் (ஒரே பாலின ஜோடிகளுக்குத் திருமணத்துக்கு இணையான மாநில உரிமைகள் தந்த, ஆனால் திருமணம் என்ற பெயர் இல்லாத பதிவு) பதிந்தீர்கள், இப்போது டெக்சாஸ்வாசிகள். மத்திய வரியைக் கூட்டாகத் தாக்கல் செய்யலாமா என்பது உங்கள் கேள்வி. இன்றைய நிலையில் முடியாது. ஒரே பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கிய 2015 ஓபர்கெஃபெல் தீர்ப்பு திருமணத்தைப் பற்றியது மட்டுமே. சிவில் யூனியனை ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) திருமணமாக ஏற்பதில்லை. கனெக்டிகட்டில் பதிந்திருந்தால் 2010 அக்டோபர் 1 அன்று தானாகவே திருமணமாக மாறியிருக்கும். வெர்மான்ட் அப்படி மாற்றவில்லை, அதுதான் சிக்கல்.

கூட்டாகத் தாக்கல் செய்ய, டெக்சாஸில் திருமணம் செய்துகொள்ளுங்கள். இருவரும் அடையாள அட்டையோடு கவுன்ட்டி கிளார்க் (மாவட்டப் பதிவு அதிகாரி) அலுவலகத்தில் திருமண லைசன்ஸ் வாங்குங்கள். அதன் பிறகு மணம் முடிக்கப் பொதுவாக 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 90-ஆம் நாளுக்கு முன் மணம் முடியாவிட்டால் லைசன்ஸ் காலாவதி. டிசம்பர் 31-க்குள் மணம் முடிந்தால் அந்த ஆண்டு முழுமைக்கும் கூட்டுத் தாக்கல் செல்லும். பழைய ஆண்டுகளை இதைக் காட்டித் திருத்த முடியாது.

அதே துணையை மணக்க யூனியனைக் கலைக்க வேண்டியதில்லை. வேறொருவரை மணப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்: கலைக்காத வெர்மான்ட் யூனியன் இருந்ததால் பிந்தைய திருமணம் செல்லாது என்று 2012-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பழைய சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டியின் (மத்திய அரசின் ஓய்வூதிய, குடும்பப் பலன் திட்டம்) விதி வேறு. துணைக்கான பலன்களுக்குச் சிவில் யூனியன் காலத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.