பொன்லாண்டன் வரைபடத்தில் ஏன் இல்லை?

வணக்கம். உங்கள் கணவரின் பாட்டி 1921இல் ஜெர்மனியின் பொன்லாண்டனில் பிறந்ததாகப் பழைய தாளில் இருக்க, அங்கே நகராட்சி எதுவும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஊர் அப்படியேதான் இருக்கிறது, நிர்வாகம்தான் மாறிவிட்டது. ஷ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, கூர்முனை முட்டைக்கோசுக்குப் பெயர்போன ஃபில்டர் சமவெளியில், பெர்ன்ஹவுசன், பொன்லாண்டன், பிளாட்டன்ஹார்ட், சீல்மிங்கன், ஹார்ட்ஹவுசன் ஆகிய ஐந்து கிராமங்களை 1975இல் இணைத்தபோது முதலில் ஃபில்டர்லிண்டன் என்று பெயரிட்டு, அதே ஆண்டிலேயே ஃபில்டர்ஷ்டாட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் பழைய ஊர் எதுவும் கிடையாது. ஃபில்டர்ஷ்டாட் என்ற ரயில் நிலையம்கூட பெர்ன்ஹவுசனில்தான் இருக்கிறது.

ஆகவே பிறப்புச் சான்றுக்கு ஃபில்டர்ஷ்டாட் நகராட்சியின் பதிவு அலுவலகத்துக்கு உங்கள் கணவர் பெயரில் எழுதுங்கள். ஜெர்மனியில் பிறப்புப் பதிவேடுகள் 110 ஆண்டுகள் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும், அதன் பிறகே ஆவணக் காப்பகத்துக்குப் போகும் என்பதால், 1921ஆம் ஆண்டுப் பதிவேட்டுக்குக் காப்பகத்தை அணுகத் தேவையில்லை. நேரடி வாரிசு என்பதற்கான சான்றுகளை மட்டும் இணைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலில் சரிபாருங்கள்: தெற்கு ஜெர்மனியின் மேல் சுவாபியா பகுதியில், பெர்க்ஹைம் அருகே, கன்னியர் மடம் அமைந்த இன்னொரு பொன்லாண்டனும் உண்டு. உங்கள் தாளில் ஊர்ப்பெயரை அடுத்து ‘ஃபில்டர்’ என்றோ ‘எஸ்லிங்கன்’ (ஃபில்டர்ஷ்டாட் அடங்கிய மாவட்டம்) என்றோ இருந்தால், அது ஃபில்டர்ஷ்டாட்டின் பொன்லாண்டன்தான் என்பதில் ஐயமில்லை.