ரசீதில் யார் பெயர்? கோடைக்காலப் பல்கலைக்கழக வகுப்புகள் பற்றிய கேள்வி-பதில்

ஜூன் விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் கல்விக் கண்காட்சிகளும் நெருங்கிவிடும். உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரிப் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) பிள்ளைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு இரண்டு, மூன்று வாரம் அனுப்பிவைக்கும் கோடைக்கால வகுப்புகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். டாக்டராக வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு ஹோட்டலில் நடந்த கல்விக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். ஆக்ஸ்ஃபர்டில் இரண்டு வார மருத்துவ வகுப்பு, தங்குமிடம் சாப்பாட்டோடு 9,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), விமான டிக்கெட் தனி என்றார்கள். அன்றே முன்பணம் கட்டினால் 10 விழுக்காடு கழிவாம். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். இது உண்மையிலேயே ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் நடத்துவதா? பிற்பாடு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்க உதவுமா?
– ஒரு தாய், செங்காங்

பதில்: யோசித்துச் சொல்கிறோம் என்று வந்தீர்களே, நல்ல காரியம். அன்றைக்கு மட்டும் என்று சொல்லும் கழிவு அடுத்த வாரமும் பெரும்பாலும் கிடைக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். காலியாகும் அறைகளைக் கல்லூரிகள் மாநாடுகளுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும் வாடகைக்கு விடும். கோடைக்கால வகுப்பு நடத்தும் தனியார் நிறுவனங்களும் அப்படித்தான் உள்ளே வருகின்றன. பிள்ளை தூங்குவது கல்லூரி அறையில்தான், சாப்பிடுவது கல்லூரி உணவுக்கூடத்தில்தான். பாடம் நடத்துவதும், சான்றிதழ் கொடுப்பதும், பணம் வாங்குவதும் நிறுவனம். கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தவர் மண்டபத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லையே, அதுபோலத்தான். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவற்றுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை, இவற்றில் கலந்துகொள்வதால் சேர்க்கையில் எந்தச் சலுகையும் கிடையாது என்பதுதான் இரண்டு பல்கலைக்கழகங்களின் நிலையும்.

உங்கள் விஷயத்தில் நடத்துவது பல்கலைக்கழகமா, தனியார் நிறுவனமா என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். கையேட்டின் அட்டைப்படத்தை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒப்பந்தத்திலும் ரசீதிலும் யார் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். 'லிமிடெட்' என்று முடியும் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் விடை கிடைத்துவிட்டது. இணைய முகவரியும் துப்பு கொடுக்கும். பிரிட்டனில் 'டாட் ஏசி டாட் யூகே' என்பதை உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத்தான் தருவார்கள், அமெரிக்காவில் 'டாட் இடியூ' அப்படி. பெயரில் 'ஆக்ஸ்ஃபர்ட்' என்ற சொல் இருந்து முகவரி 'டாட் காம்' என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். நம் ஊர் 'இடியூ டாட் எஸ்ஜி'யை வைத்து இந்தக் கணக்குப் போட முடியாது, அது தனியார் பள்ளிகளிடமும் உண்டு.

சேர்க்கைக்கு உதவுமா என்பதற்கு வருகிறேன். காசு கட்டியவர்களையெல்லாம் எடுத்துக்கொள்ளும் ஒரு வகுப்பு, உங்கள் மகனைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு என்ன சொல்லிவிடும்? பெற்றோருக்கு வசதி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். மருத்துவத்துக்கு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் மூன்றும்தான் பேசும். நேர்காணலில் "ஏன் டாக்டர்?" என்று கேட்கும்போது, வீட்டுக்குப் பக்கத்துத் தாதிமை இல்லத்தில் ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் முதியவர்களுக்குச் சோறூட்டிய பையனிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும். அதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். வீட்டை விட்டுத் தனியாக இருந்து பார்ப்பது, பல நாட்டுப் பிள்ளைகளோடு பழகுவது, இந்தத் துறை நமக்கு ஒத்துவராது என்று பதினைந்து வயதிலேயே தெரிந்துகொள்வது, இவற்றுக்கெல்லாம் மதிப்பு உண்டு. அந்த மதிப்பு 9,800 வெள்ளியா என்பதை உங்கள் வீட்டு வரவு செலவுதான் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒரு நாளில் பாடம் எத்தனை மணி நேரம், ஊர் சுற்றுவது எத்தனை மணி நேரம்; ஒரு வகுப்பில் எத்தனை பேர்; சொல்லிக்கொடுப்பவர் யார்; இரவில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை யார் கவனிப்பார்கள். பிரிட்டனில் பிள்ளைகளோடு நெருங்கி வேலை பார்ப்பவர்களுக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. எல்லா ஊழியர்களுக்கும் அதைச் செய்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். "பிரிட்டிஷ் அக்ரெடிடேஷன் கவுன்சில்" போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் அடிப்படைத் தரத்துக்கு அது ஓர் அடையாளம். அதனால் நிறுவனம் பல்கலைக்கழகமாகிவிடாது.

கேள்வி: மகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜூலை மாதம் மூன்று வார வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இப்போது உயர்நிலை மூன்று. பள்ளியில் விடுப்புத் தருவார்களா?
– தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: விற்பவர்கள் யாரும் வாய் திறக்காத விஷயம் இது. நம் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசியில் முடிந்துவிடும், நான்கு வாரம்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலான வகுப்புகள் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு வரை ஓடுகின்றன. அங்கே கோடை விடுமுறை, இங்கே மூன்றாம் பள்ளித் தவணை. பெரும்பாலான அனைத்துலகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்கு ஆகஸ்டு வரை விடுமுறை.

விடுப்புத் தருவது பள்ளி முதல்வர் கையில். காசு கட்டிச் சேரும் வகுப்புக்குத் தருவார்கள் என்று நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில் வந்த பிறகு பணம். மூன்று வாரப் பாடத்தையும் மதிப்பீடுகளையும் பிடிப்பது உயர்நிலை மூன்றில் கஷ்டம், முடியாததில்லை. பொதுத் தேர்வு எழுதும் உயர்நிலை நான்கிலோ தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டிலோ இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றிருப்பேன். ஜூன் முதல் பாதியில் தொடங்கும் வகுப்பு அதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் இரண்டு, மூன்று சுற்றுகளாக நடத்துகிறார்கள்.

கேள்வி: "உங்கள் மகள் தலைமைத்துவத் திறனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள்" என்று முத்திரையோடு கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. பெருமையாகவும் இருக்கிறது, சந்தேகமாகவும் இருக்கிறது.
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: சந்தேகத்தின் பக்கம் நில்லுங்கள். விண்ணப்பிக்காதவரை யார், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏதோ போட்டிக்கோ இணையப் பதிவுக்கோ கொடுத்த முகவரி கைமாறியிருக்கும். அது விளம்பரக் கடிதம்.

கேள்வி: வகுப்பை முடித்தால் பல்கலைக்கழக கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) கிடைக்கும், பிறகு பட்டப்படிப்பில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார் முகவர். உண்மையா?
– ஈசூன் வாசகி

பதில்: பாதி உண்மை. ஹார்வர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வார 'ப்ரீ காலேஜ்' வகுப்பு ஒன்று உண்டு, கட்டணம் 5,000 அமெரிக்க வெள்ளிக்கு மேல், கிரெடிட் கிடையாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சில வாரம் தங்கிப் படித்து கிரெடிட் வாங்கும் இன்னொரு திட்டமும் அங்கேயே இருக்கிறது, அதன் செலவு இன்னும் கூடுதல். இரண்டையும் ஹார்வர்டுதான் நடத்துகிறது. முகவர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கிரெடிட் வந்தாலும் அதைப் பின்னால் ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் பிள்ளை சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் முடிவு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் குறையும் என்று முகவர் உறுதி தர முடியாது. அப்புறம் இன்னொன்று: கிரெடிட் வகுப்பில் வாங்கும் மதிப்பெண் நிரந்தரப் பதிவு. பிறகு அமெரிக்காவில் விண்ணப்பிக்கும்போது, முன்பு படித்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். வேடிக்கை பார்க்கப் போய் 'சி' வாங்கிய பிள்ளை அதையும் காட்ட வேண்டியிருக்கும்.

விசாவிலும் வித்தியாசம் வரும். கிரெடிட்டுக்காகப் படித்தால் அமெரிக்காவில் மாணவர் விசா எடுக்கச் சொல்வார்கள், விசா இல்லாமல் போவதற்கான எஸ்டா என்ற மின்னணு அனுமதி போதாது. பிரிட்டனுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2025 ஜனவரியிலிருந்து இடிஏ என்ற மின்னணு அனுமதி எடுக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் என்றால் இரண்டு நாட்டுக்கும் விசாவே வேண்டும், அதற்குரிய நாள்களையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: தொடக்கக் கல்லூரி முதலாமாண்டு படிக்கிறேன். அப்பா டாக்சி ஓட்டுகிறார். என் வகுப்பில் மூன்று பேர் இப்படிப் போகப் போகிறார்கள். என்னால் முடியாது. பின்தங்கிவிடுவேனா?
– மாணவி, பிடோக்

பதில்: இல்லைம்மா. இந்த வகுப்புகளில் உண்மையிலேயே மதிப்புள்ளவற்றில் சில, காசே வாங்காதவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற அறிவியல் ஆய்வு முகாம் 1984-லிருந்து நடக்கிறது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு இலவசம். இடம் கிடைப்பது அரிது, கிடைத்தால் அதற்கு எடை உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் யங் குளோபல் ஸ்காலர்ஸ் திட்டத்துக்குக் கட்டணம் 7,000 அமெரிக்க வெள்ளியை ஒட்டி வரும், ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். விண்ணப்பத்தோடு சேர்த்தே உதவித்தொகைக்கும் கேட்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? உள்ளூரிலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பேராசிரியர்களுக்குக் கீழே ஆய்வு செய்யும் திட்டங்கள் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு உண்டு. பல்கலைக்கழகங்கள் நடத்தும் எச்3 என்ற உயர்மட்டப் பாடங்கள் உண்டு. தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்பான டிஎஸ்டிஏ நடத்தும் இளம் தற்காப்பு அறிவியலாளர் திட்டம் உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் உன் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், முதலாமாண்டின் தொடக்கத்திலேயே பெயர் கேட்டுவிடுவார்கள். இந்த வாரமே பாட ஆசிரியரைப் பார்த்து எது இன்னும் திறந்திருக்கிறது என்று கேள்.

கணினியில் ஆர்வம் என்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் இணையத்தில் இலவசம். அதை முழுதாக முடித்து, கடைசித் திட்டப்பணியையும் செய்து காட்டியவருக்கு, வளாகத்தில் இரண்டு வாரம் படம் எடுத்துக்கொண்டவரைவிடச் சொல்ல நிறைய இருக்கும்.

கேள்வி: எடுசேவ் கணக்கில் (மாணவருக்கு அரசாங்கம் போடும் கல்விப் பணம்) உள்ள பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா? மகனுக்கு 16 வயது, தேசிய சேவைக்கான (ஆண்களுக்கான கட்டாயச் சேவை) வெளிநாட்டுப் பயண அனுமதி வேண்டுமா?
– புங்கோல் வாசகர்

பதில்: எடுசேவ் பணம் பள்ளி ஏற்பாடு செய்யும் நடவடிக்கைகளுக்குத்தான். நீங்களாக முகவரிடம் வாங்கும் வகுப்புக்குக் கிடையாது. இரண்டு, மூன்று வாரப் பயணத்துக்குப் பயண அனுமதி தேவைப்படாது.

கேள்வி: 3,000 வெள்ளி முன்பணம் கட்டினேன். நான்காம் நாள் மனம் மாறி ரத்து செய்யச் சொன்னேன். திருப்பித் தர முடியாது என்கிறார் முகவர். ஐந்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதாமே? பல்கலைக்கழகமே நடத்துவது என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், விசாரித்தால் அது தனியார் நிறுவனம்.
– தந்தை, சுவா சூ காங்

பதில்: ஐந்து நாள் விதி இருக்கிறது, ஆனால் அது எல்லா விற்பனைக்கும் இல்லை. நீங்கள் அழைக்காமலே விற்பவர் உங்கள் வீட்டுக்கு வந்து விற்பது போன்ற நேரடி விற்பனை, ஓய்வு விடுதியை ஆண்டில் சில நாள் பயன்படுத்தும் உரிமையை வாங்கும் நேரப் பகிர்வு விடுமுறை ஒப்பந்தம் போன்ற சிலவற்றுக்கு மட்டும். கண்காட்சியில் நீங்களே போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் அது உதவாது. மனம் மாறியதற்கு ஒப்பந்தத்தில் உள்ள ரத்து விதிதான் கதி. பயணக் காப்புறுதியும் பெரும்பாலும் மனம் மாறியதற்குப் பணம் தராது.

உங்கள் கையில் இருக்கும் பலமான துருப்பு அந்த வாட்ஸ்அப் செய்திதான். இல்லாத ஆதரவையோ அங்கீகாரத்தையோ இருப்பதாகச் சொல்லி விற்பது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டப்படி நியாயமற்ற செயல். அதனால் வாதத்தை "மனம் மாறிவிட்டது" என்று தொடங்காதீர்கள். "பல்கலைக்கழகம் நடத்துவது என்று சொன்னதை நம்பிக் கட்டினேன், அது பொய்" என்று தொடங்குங்கள். முகவருக்கு மின்னஞ்சலில் எழுதி, ஒரு கெடுவும் வையுங்கள். பதில் வராவிட்டால் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம், அவர்கள் சமரசம் பேசுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 10 வெள்ளி.

இதெல்லாம் எதிராளி சிங்கப்பூரில் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் எளிது. ரசீதில் உள்ள பெயரை நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம். பணம் நேராக லண்டன் கணக்குக்குப் போயிருந்து, இங்கே இருப்பவர் தரகர் மட்டும் என்றால் இழுபறிதான். அப்போது கடன் அட்டையில் கட்டினீர்களா என்பது முக்கியமாகிவிடும். அட்டை என்றால் வங்கியிடம் தகராறுப் படிவம் கேட்டு, பணத்தைத் திரும்பப் பெற முயலலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, மன்றத்தின் முடிவு வரும் வரை காத்திருக்காமல் இன்றே வங்கிக்குப் பேசுங்கள். பேநவ் என்ற உடனடிப் பணமாற்று வழியில் அனுப்பியிருந்தால் அந்த வழி இல்லை. செய்திகளை வேறொரு இடத்திலும் சேமித்துவையுங்கள், அனுப்பியவரே தம் பக்கத்திலிருந்து அழித்துவிட வாய்ப்பு இருக்கிறது.