யு.கே.ஜி. குழந்தைக்கு எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் கூட்டிப் படிக்க வரவில்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அட்டையைக் காட்டினால் மகள் எல்லா எழுத்தையும் பட்டென்று சொல்கிறாள், ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் மட்டும் விழிக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மழலையர் வகுப்பில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள். எழுத்தை அடையாளம் காண்பதும் ஒலிகளைக் கூட்டுவதும் வேறு வேறு வேலைகள். முதலாவது அவளுக்கு வந்துவிட்டது.

மெய்யெழுத்தில்தான் பெரும்பாலான குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள். ‘ம்’மை ‘இம்’ என்றும் ‘ல்’லை ‘இல்’ என்றும்தான் வீட்டிலும் பள்ளியிலும் பழக்குகிறோம். என் வகுப்பில் ஒரு பையன் ‘கல்’ என்ற சொல்லில் விரலை வைத்து, “க... இல்... கயில்” என்று படித்தான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒலிகளை வைத்துப் பார்த்தால் அவன் சரியாகத்தான் கூட்டியிருக்கிறான்! அந்த ‘இ’யை விட்டுவிட்டு, நாக்கு நுனியை மேலே ஒட்டி ‘ல்ல்ல்’ என்று இழுக்கச் சொன்னேன். “கல்ல்...” என்றவன் சட்டென்று நிமிர்ந்து, “கல்லா மிஸ்?” என்று கேட்டான்.

ஆகவே இழுத்துச் சொல்ல வருகிற மெய்களில் முடியும் சொற்களாகத் தொடங்குங்கள்: கண், மண், பல், பால், மான், மரம். க், ட், ப் போன்ற வல்லினத்தை இழுக்க வராது, அவை பிறகு வரட்டும். இதற்கும் முன்பு பூ, தீ, ஈ, கை, பை என்று ஓரெழுத்துச் சொற்களைக் கொடுக்கலாம். நன்னூல் இப்படி 42 சொற்களைச் சொல்கிறது. அதில் குழந்தைக்குத் தெரிந்த ஐந்தாறு போதும். முதல் நாளிலேயே ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்ட பெருமை அவளுக்குக் கிடைக்கும்.

ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்ல வைத்துவிட்டுக் கடைசியில் “சேர்த்துச் சொல்” என்று கேட்காதீர்கள். மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவிவிடும். ஒரு துண்டு அட்டையால் சொல்லை மறைத்துக்கொண்டு ப, பட, படம் என்று மெல்லத் திறந்துகொண்டே போங்கள். புள்ளி எழுத்தை ஒருபோதும் தனியாக நிறுத்த வேண்டாம், முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்தே படிக்கட்டும்: அம்-மா, பட்-டம், தக்-கா-ளி.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் நாம் கல்லு, பல்லு, கண்ணு என்றுதான் பேசுகிறோம். மரம், படம் என்னும்போது கடைசி ‘ம்’ மூக்கோடு கரைந்துவிடுகிறது. ‘பகல்’ என்பதில் வரும் ‘க’வும் ‘கல்’லில் வருவது போல அழுத்தமாக ஒலிப்பதில்லை. அதனால் சரியாகக் கூட்டிய பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று குழந்தைக்குப் பிடிபடாமல் போகலாம். அப்போது “தப்பு” என்று சொல்லிவிடாதீர்கள். “இதை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்?” என்று கேளுங்கள். தினமும் இரவில் ஒரு சிறு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தமிழ் காதில் விழுந்து பழகிய குழந்தை வெகு விரைவில் கூட்டிவிடுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

குறியீடுகளில் துணைக்கால் முதலில், அடுத்து இகர ஈகாரங்கள். உகர வரிசையில் கு, சு, து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் என்பதால் அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். கொம்பு கடைசியில் வரட்டும். இடப்பக்கம் முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஒலிப்பது இந்த வயதில் உண்மையிலேயே சிரமம், அதிலும் ‘கொ’வில் இரு பக்கமும் குறியீடு. தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்களை இப்போது கொடுக்க வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் லை, னை, றா உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவமே வேறு. சரளமாகப் படிக்கத் தொடங்கிய பிறகு அவற்றை எடுத்துக் கொடுங்கள், ஆசையாகப் படிப்பாள்.