டிகிரி தருவது யார், பணம் வாங்குவது யார்?

கேள்வி: ஐயா, டிரஸ்ட் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.பி.ஏ.வில் மகளைச் சேர்க்க விசாரித்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. தினமும் கூப்பிடுவது ஒரு கம்பெனி. "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. கம்பெனி நடுவில் இருப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பாடத்தை வீடியோ எடுப்பது, இணையதளம் நடத்துவது எல்லாம் பல கல்லூரிகளுக்குக் கைவராத வேலை. அதற்குக் கூலி கொடுக்கட்டும். அந்தக் கூலியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில், மாணவர் சேர்க்கைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தர 1992 முதல் சட்டத்தில் தடை. ஆனால் மற்ற சேவைகளோடு சேர்த்துச் செய்தால் கட்டணத்தில் பங்கு வாங்கலாம் என்று 2011இல் அரசே வழிவிட்டது. லாப நோக்கமில்லாத பல்கலைக்கழகங்கள் சில, கட்டணத்தில் பாதிக்கு மேல் கம்பெனிகளுக்குக் கொடுத்தன. இத்தொழிலில் முன்னணியில் இருந்த 2யூ, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தை 2021இல் 80 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2யூ 2024 ஜூலையில் திவால் மனு கொடுத்தது.

பங்கு என்று வந்துவிட்டால் தலையை எண்ணத்தான் தோன்றும். உங்கள் மகளுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று போனில் ஒருவராவது கேட்டார்களா?

இங்கே இந்தியாவில் விதி கறாரானது. ஆன்லைன் டிகிரியைப் பிரான்சைஸ் விடக் கூடாது, அதாவது தன் பேரில் வேறொருவர் நடத்த விடக் கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020 விதி. 2022 ஜனவரியில் ஆன்லைனில் கல்வி விற்கும் எட்டெக் கம்பெனிகளின் விளம்பரங்களைச் சுட்டி மறுபடியும் எச்சரித்தார்கள்.

வேலந்தாவளத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கொண்டுவந்த தாளைப் படித்துப் பார்த்தேன். மாதத் தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம். படிப்பை விட்ட பிறகும் தவணை நிற்கவில்லை. தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் அவள் அப்பா கட்டினார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இதே படிப்பும் இந்த வருஷத்துக்கு உண்டா என்று பாருங்கள். இருந்தால் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் விண்ணப்பித்து, அதன் பேரில் உள்ள கணக்கிலேயே கட்டுங்கள். ரசீது வேறு பேரில்தான் வரும் என்றால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.